புது டயரும் பழைய கோன் செட்டும்

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் 350 சிசி வண்டிக்கு முன் டயர் மாற்றினேன். பழையது நடுவில் தேய்ந்து தட்டையாகி, மழை நாளில் பிரேக் பிடிக்கவே பயமாக இருந்தது. மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை விட்டேன். 50 கி.மீ வேகம் வரை ஒரு குறையும் இல்லை. 60-ஐத் தொட்டபோது ஹேண்டில் பாரில் லேசாக ஒரு நடுக்கம். 65-இல் அது கைமுட்டி வரை ஏறியது. கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரிந்தது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு 80-ஐத் தாண்டினேன். நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

டயர் போட்ட கடைக்கே திரும்பிப் போனேன்.

"அண்ணே, டயர் மாத்தினதுலேருந்து ஹேண்டில் உதறுது."

"புது டயரு தம்பி, அப்படித்தான் இருக்கும். ஒரு நூறு கிலோமீட்டர் ஓடட்டும், தானா செட்டாயிரும். அப்பவும் ஆடுச்சுன்னா உங்க வண்டில கோன் செட் போயிருக்கும், மெக்கானிக்கைப் பாருங்க."

கோன் செட் என்பது ஹேண்டில் திரும்பும் அச்சில் இருக்கும் குண்டு பேரிங். மெக்கானிக்கைப் பார்த்தேன். "நேத்து வரைக்கும் ஆடாத வண்டி இன்னைக்கு ஆடுதுன்னா டயர்லதான சார் கோளாறு? போட்டவன்கிட்டயே போய்க் கேளுங்க" என்றார் அவர்.

டயரா, வண்டியா? இருவருமே பாதி உண்மையைச் சொன்னார்கள் என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஒரு கை தட்டி ஓசை வராது என்பார்கள். முன் சக்கர நடுக்கமும் அப்படித்தான். தள்ளுகிற ஒன்றும் வேண்டும், அந்தத் தள்ளலுக்கு ஆடிக் கொடுக்கிற ஒன்றும் வேண்டும். இரண்டையும் தனித்தனியே கண்டுபிடிக்காத வரை கடைக்கும் பட்டறைக்கும் அலைந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

டயரை மட்டுமா மாற்றினோம்?

முன் டயர் மாற்றும்போது என்னென்ன நடக்கிறது என்று நின்று பார்த்தால் சந்தேகப் பட்டியல் தானாகவே நீளும். ஆக்ஸிலை உருவுகிறார்கள். சக்கரத்தின் இருபுறமும் இருக்கும் ஸ்பேசர்கள் கழன்று தரைக்கு வருகின்றன. டிஸ்க் பிரேக் வண்டி என்றால் காலிபர் விலகுகிறது. சக்கரத்தைத் தரையில் படுக்கப் போட்டு, இரும்பு லிவரால் நெம்பிப் பழைய டயரை எடுக்கிறார்கள். டிஸ்க் இருக்கும் பக்கம் கீழே இருந்து, அதன் மேல் காலை ஊன்றி நெம்பினால், அந்த மெல்லிய தட்டு வளைந்துவிட வாய்ப்புண்டு. பிறகு புது டயர், புது ட்யூப், காற்று. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி நட்டை முறுக்கினால் வேலை முடிந்தது.

பில்லில் 'டயர்' என்று ஒரு வரிதான் இருக்கும். ஆனால் மாறியது அல்லது இடம் பெயர்ந்தது குறைந்தது பத்துப் பொருள்கள். ஆகவே டயர் மாற்றிய மறுநாள் நடுக்கம் வந்தால், டயரே கோளாறு என்று பொருள் அல்ல. முந்தைய நாள் கழற்றி மாட்டிய ஏதோ ஒன்றில் கோளாறு என்பதே பொருள். ஏற்கெனவே வண்டிக்குள் ஒளிந்திருந்த ஒரு பலவீனம் இப்போது வெளியே தெரிகிறது என்றும் இருக்கலாம்.

"நூறு கிலோமீட்டர் ஓடட்டும்" என்ற பேச்சில் ஓர் உண்மை உண்டு. புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். சாலையில் உரசிச் சொரசொரப்பாகும் வரை பிடிப்பு குறைவு. அதனால் முதல் 100, 150 கி.மீ தூரம் நிதானமாகப் போகச் சொல்கிறார்கள். அது வழுக்காமல் இருப்பதற்கான அறிவுரை. குறிப்பிட்ட வேகத்தில் தவறாமல் வந்து போகும் நடுக்கத்துக்கு அது மருந்தாகாது.

நொடிக்கு எத்தனை தடவை?

வைத்தியர் நாடி பார்ப்பது போல, நடுக்கத்துக்கும் முதலில் எண்ணிக்கை பார்க்க வேண்டும். அது நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது? இதைத்தான் இயற்பியலில் அதிர்வெண் என்கிறோம். நொடிக்கு ஒரு தடவை என்றால் 1 ஹெர்ட்ஸ்.

என் வண்டியின் முன் டயர் அளவு 90/90-19. முதல் 90 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது 90, அந்த அகலத்தில் 90 சதவீதம் டயரின் உயரம் என்று சொல்கிறது. அதாவது 81 மி.மீ. கடைசியில் உள்ள 19, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 645 மி.மீ, சுற்றளவு 2 மீட்டர். 72 கி.மீ வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். ஆகவே அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு 10 சுற்று சுற்றுகிறது. 36 கி.மீ வேகத்தில் 5 சுற்று, 108-இல் 15 சுற்று. எனக்கு நடுக்கம் உச்சத்துக்கு வந்த 65-இல் கிட்டத்தட்ட 9 சுற்று.

இப்போது எஞ்சினைப் பாருங்கள். 3000 ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு 3000 சுற்று, நொடிக்கு 50. டயரின் பூ வேலைப்பாட்டில் சுற்றிலும் 60 கட்டிகள் இருந்தால், நொடிக்கு 10 சுற்றில் 600 தடவை சாலையைத் தட்டும். மூன்றும் மூன்று விதமாகக் கைக்குத் தெரியும். சக்கரத்தின் கோளாறு கையைப் பிடித்து உதறுவது போல இருக்கும். எஞ்சின் அதிர்வு விரல்களை மரக்க வைக்கும். டயர் பூவின் அதிர்வு காதில் 'உய்ங்' என்ற ரீங்காரமாகக் கேட்கும். அது கோளாறே அல்ல, அந்த டயரின் சுபாவம்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. காலியான, நேரான சாலையில் 80 வரை போய், ஆக்ஸிலரேட்டரை விட்டு, கிளட்சைப் பிடித்து வண்டியைத் தானாக ஓட விடுங்கள். எஞ்சின் சத்தம் இறங்கிவிடும். சக்கரம் மட்டும் சுற்றும். வேகம் குறைந்து 65-க்கு வரும்போது அதே நடுக்கம் அதே இடத்தில் வந்தால் எஞ்சின் நிரபராதி. ஹேண்டிலிலிருந்து கையை எடுத்துப் பார்க்கும் வீரம் வேண்டாம். பிடியைத் தளர்த்தினாலே போதும், தெரிந்துவிடும்.

எங்கே நடுங்குகிறது என்பதும் முக்கியம். கையில் என்றால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டிலும் கால் வைக்கும் இடத்திலும் என்றால் பின் சக்கரத்தைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க். பல கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகங்கள் டிஸ்க்கின் வளைவுக்குக் கொடுக்கும் எல்லை 0.3 மி.மீ அளவில்தான் இருக்கும். ஒரு முறை தப்பாக நெம்பினாலே அது தாண்டிவிடும்.

மூன்று பவுன் கனம்

சக்கரம் சரியாக வட்டமாக இருக்கலாம். ஆனால் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா? டயரில் ரப்பர் பட்டையின் முனைகளை ஒட்டிய இடம் சற்றுக் கனம். ட்யூபில் வால்வு இருக்கும் இடம் கனம். ரிம்மின் இணைப்பு கனம். இவை ஒன்றையொன்று ஈடுகட்டினால் பிரச்சினை இல்லை. எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால்?

ஒரு பக்கம் 24 கிராம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். நகைக்கடைக் கணக்கில் மூன்று பவுன் சங்கிலி. கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஆனால் சுற்றும் பொருளின் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 36 கி.மீ வேகத்தில் அந்த மூன்று பவுன் சக்கரத்தை வெளியே இழுக்கும் விசை, அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான எடைக்குச் சமம். 72-இல் சுமார் 2.3 கிலோ. 108-இல் 5 கிலோவுக்கு மேல். அதுவும் ஒரே திசையில் அல்ல. மேலே, முன்னே, கீழே, பின்னே என்று நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை திசை மாற்றி இழுக்கிறது. அந்தக் கனம் டயர் அகலத்தின் நட்டநடுவில் இருந்தால் சக்கரத்தைக் குதிக்க வைக்கும். ஓரமாக விலகி இருந்தால் இடமும் வலமுமாகத் திருப்பவும் பார்க்கும்.

தள்ளுவது யார் என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைத்துவிட்டது. ஆனால் உடனே ஒரு முரண்பாடு தலைகாட்டுகிறது. வேகம் கூடக் கூட விசை கூடுகிறது என்றால், என் வண்டி 65-இல் உதறி 80-இல் அடங்கியது ஏன்? கணக்குப்படி 80-இல் இன்னும் மோசமாக அல்லவா உதறியிருக்க வேண்டும்?

குடமும் நடையும்

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடந்தவர்களுக்கு விடை தெரியும். நிறைகுடம் தளும்பாது, தளும்புவது குறைகுடம். அதிலும் எல்லா நடைக்கும் தளும்பாது. குடத்துக்குள் தண்ணீர் தானாக ஊசலாடுவதற்கு ஒரு தாளம் உண்டு. நடையின் தாளம் அதோடு ஒத்துப்போகும்போதுதான் நாலு எட்டில் சேலை நனையும். மெதுவாக நடந்தாலும் தப்பிக்கலாம், வேகமாக நடந்தாலும் தப்பிக்கலாம். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். தள்ளும் விசை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சரியான நேரத்தில் திரும்பத் திரும்பத் தள்ளினால் போதும்.

வண்டியின் முன்பகுதிக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. ஹேண்டில் பார், ஃபோர்க், சக்கரம் எல்லாம் சேர்ந்து, சட்டத்தில் உள்ள ஓர் அச்சைச் சுற்றித் திரும்புகின்றன. அந்த அச்சைக் கற்பனையில் கீழே நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய்த் தரையைத் தொடும். சாலையில் ஓடும் பல வண்டிகளில் இந்த இடைவெளி 9 முதல் 12 செ.மீ; ட்ரெயில் என்பார்கள். இதனால் டயர் எப்போதும் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. சக்கரம் இடப்பக்கம் கொஞ்சம் திரும்பினால் சாலை அதை நேருக்குத் தள்ளும். நேருக்கு வந்தது அங்கேயே நிற்காமல் மறுபக்கம் போகும், திரும்பவும் தள்ளும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் ஒரு சக்கரம் மட்டும் படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

மோட்டார் சைக்கிளில் இந்த ஆட்டத்தின் அதிர்வெண் பொதுவாக 4 முதல் 10 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். இப்போது முன்பு போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். 60 முதல் 70 கி.மீ வேகத்தில் முன் சக்கரம் நொடிக்கு எட்டு முதல் பத்து தடவை சுற்றுகிறது. சக்கரத்தின் கனமான பக்கம் தள்ளும் தாளமும் முன்பகுதி ஆடும் தாளமும் அந்த வேகத்தில்தான் கைகோக்கின்றன. 80-இல் தள்ளல் அதிகம்தான். ஆனால் தாளம் தப்பிவிட்டது.

இந்தச் சிக்கல் இன்றைக்கு வந்ததல்ல. 1920-களில், அதுவரை ஓடிய மெல்லிய, கடினமான டயர்களுக்குப் பதிலாகக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் பருத்த 'பலூன்' டயர்கள் கார்களுக்கு வந்தன. சொகுசு கூடியது. கூடவே, பல கார்களின் முன் சக்கரங்கள் திடீரென்று இடமும் வலமுமாக ஆடத் தொடங்கின. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பிரபலமாக இருந்த, தோளைக் குலுக்கி ஆடும் 'ஷிம்மி' நடனத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இன்றும் பொறியியலில் அதற்கு அதே பெயர்தான். பிரெஞ்சுப் பொறியாளர் ப்ரூலியே 1925-இல் இதை ஆராயப் போய், உருளும் டயர் தான் பார்க்கும் திசைக்கும் உண்மையில் போகும் திசைக்கும் இடையில் ஒரு சிறு கோணம் இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டினார். இன்றைய டயர் அறிவியலுக்கு அந்தக் கோணமே அடித்தளம்.

மோட்டார் சைக்கிளுக்கு இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டுக் காட்டியவர் பிரிட்டிஷ் பொறியாளர் ராபின் ஷார்ப். 1971-இல் வெளியான அவருடைய கட்டுரை, நேராக ஓடும் வண்டி நிலைகுலையும் மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டியது: மெல்லச் சாய்ந்து விழுவது, வண்டி முழுவதும் பாம்பு போல நெளிவது, முன்பகுதி மட்டும் படபடப்பது. மூன்றாவதற்கு 'வாபிள்' என்று பெயர். அதைச் சரியாகக் கணிக்க டயரின் ஒரு குணத்தைக் கணக்கில் சேர்த்தாக வேண்டியிருந்தது. டயரைத் திருப்பியவுடன் பக்கவாட்டு விசை முழுதாக வந்துவிடுவதில்லை. ரப்பர் வளைந்து, கொஞ்ச தூரம் உருண்ட பிறகே வருகிறது. அந்தத் தாமதம், சக்கரத்தை நேராக்க வேண்டிய விசையைத் தப்பான நேரத்தில் கொண்டுவந்து கொடுக்கிறது. டயர் மாறினால் இந்தத் தாமதமும் மாறும். காற்று குறைந்தாலும் மாறும். எனவே நடுக்கம் என்றதும் முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை: வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது காற்றழுத்தம் பார்ப்பது. ஓடிச் சூடான டயரில் அளந்தால் கணக்கு ஏமாற்றும். சூடு ஆறேழு டிகிரி ஏறினாலே சுமார் 1 பிஎஸ்ஐ கூடிவிடும்.

ரிம்மை ஒட்டிய கோடு

அடுத்து கண்ணால் பார்க்கும் வேலை. டயரின் பக்கச் சுவரில், ரிம்மை ஒட்டி, சுற்றிலும் மெல்லிய கோடு ஒன்று மேடாக ஓடும். அழகுக்குப் போட்டதல்ல. டயரின் விளிம்பான பீட் ரிம்மில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அச்சில் வார்த்தது. ரிம்முக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் அமிழ்ந்து மறைந்தால் அங்கே டயர் முழுதாக ஏறி உட்காரவில்லை. அந்தச் சக்கரம் வட்டம் அல்ல. எத்தனை எடை ஒட்டினாலும் அது வட்டம் ஆகாது.

என் சக்கரத்தில் வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு காணாமல் போயிருந்தது. சோப்புத் தண்ணீர் பூசாமல் உலர்வாக ஏற்றினால் இப்படி ஆகும். காற்றை முழுதாக இறக்கி, அந்த இடத்தில் விளிம்பை அழுத்தி விலக்கி, சோப்புத் தண்ணீர் விட்டு, மறுபடி காற்றடிக்க வேண்டும். 'டப்' என்று ஒரு சத்தத்தோடு விளிம்பு ஏறும். ஏறவில்லை என்பதற்காக டயர் கம்பெனி சொன்ன அளவைத் தாண்டிக் காற்றடிக்கக் கூடாது. விளிம்புக் கம்பி அறுந்தால் கையோ முகமோ போகும்.

வட்டம் சரியா என்று பார்க்க ஒரு துண்டுச் சாக்பீஸ் போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தரையில் படாதபடி எஞ்சினுக்குக் கீழே முட்டுக்கொடுங்கள். சாக்பீஸை ஃபோர்க்கோடு சேர்த்து அசையாமல் பிடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, டயரை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். மேடான இடத்தில் மட்டும் வெள்ளை ஒட்டும். முதலில் ரிம்மில் பாருங்கள், பிறகு டயரில். ரிம்மிலேயே மேடு பள்ளம் 2 மி.மீ-க்கு மேல் இருந்தால் அது ஸ்போக்ஸ் பிரச்சினை. ரிம் பெண்டு எடுக்கும் ஆளிடம் போக வேண்டும். ரிம் சரியாக இருந்து டயர் மட்டும் ஏறி இறங்கினால், விளிம்பு உட்காரவில்லை, அல்லது டயரே கோணல். கடையிலிருந்து நகர்வதற்கு முன் பார்த்துவிட்டால் மாற்றிக் கேட்கலாம்.

பக்கச் சுவரில் இன்னும் இரண்டு விஷயம் படிக்க வேண்டும். ஒன்று, சுழலும் திசையைக் காட்டும் அம்பு. முன் டயர் பெரும்பாலும் பிரேக்கின் விசையைத் தாங்குகிறது, பின் டயர் எஞ்சினின் விசையை. அதனால் ஒரே டயரை முன்னுக்கு ஒரு திசையிலும் பின்னுக்கு எதிர்த் திசையிலும் போடச் சொல்லி இரண்டு அம்பு போட்டிருப்பதும் உண்டு. இன்னொன்று நான்கு இலக்க எண். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பல வருடம் அடுக்கில் நசுங்கிக் கிடந்த டயர் 'புது' டயர் அல்ல.

கனத்தைத் தேடி

காரில் டயர் மாற்றினால் 'பேலன்ஸிங்' செய்யாமல் விட மாட்டார்கள். பைக் சக்கரத்துக்கு அதைப் பற்றிப் பேச்சே எழாத கடைகள் நிறைய. பைக் டயர் ஒல்லியானது என்பதால், காருக்குப் போல வேகமாகச் சுழற்றும் எந்திரம் இல்லாமலும் இதைச் செய்ய முடியும். பூமியின் ஈர்ப்பு விசையே தராசு.

சக்கரத்தைக் கழற்றி, ஆக்ஸிலை அதில் செருகி, இரண்டு முட்டுகளின் மேல் மட்டமாக வைக்க வேண்டும். பேரிங் எளிதாகச் சுழல வேண்டும்; காலிபரோ பிரேக் ஷூவோ உரசக் கூடாது. லேசாகச் சுற்றிவிட்டால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் மேலே ஓர் அடையாளம் போடுங்கள். மூன்று நான்கு முறை வெவ்வேறு இடத்திலிருந்து சுற்றி விட்டாலும் அதே இடம் மேலே வந்தால் நம்பலாம். அங்கே 5 கிராம் எடையை டேப்பால் ஒட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் 5. எங்கே நிறுத்தினாலும் சக்கரம் அங்கேயே நின்றால் வேலை முடிந்தது. ஸ்போக்ஸ் சக்கரம் என்றால் எடையை ஸ்போக்ஸில் பிடிப்பார்கள், அலாய் என்றால் ரிம்மில் ஒட்டுவார்கள்.

தொடங்குவதற்கு முன் பழைய டயருக்காக ஒட்டிய எடைகளை எடுத்துவிட வேண்டும். அந்த டயரோடு அவற்றின் கணக்கும் முடிந்தது. சில டயர்களின் பக்கச் சுவரில் சிறு வண்ணப் பொட்டு இருக்கும். பெரும்பாலும் அது டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால் வால்வின் கனத்தை அது ஈடுகட்டும். என் டயரில் மஞ்சள் பொட்டு இருந்தது, வால்விலிருந்து கால் சுற்று தள்ளி. மாட்டியவர் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

டயருக்குள் பஞ்சர் லிக்விட் ஊற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி நிற்கும்போது அது அடியில் தேங்கும். கிளம்பிய கொஞ்ச தூரத்துக்கு ஓர் உதறல் இருந்து, பிறகு அடங்கினால், அந்த லிக்விட் பரவ எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அது. இப்படிப்பட்ட சக்கரத்தில் பேலன்ஸிங் கணக்கும் சரியாக வராது.

ஆடிக் கொடுத்தது யார்?

டயரின் விளிம்பை ஒழுங்காக உட்கார வைத்து, 20 கிராம் எடையும் ஒட்டிய பிறகு என் வண்டியின் உதறல் முக்கால்வாசி போய்விட்டது. ஆனாலும் 65-இல் ஒரு சின்னச் சலசலப்பு. தள்ளியவன் அகப்பட்டான், ஆடியவன் பாக்கி.

முன் சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது, முன்னால் உட்கார்ந்து ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். 'டொக்' என்று ஓர் இடைவெளி கைக்குத் தெரிந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. பிறகு ஹேண்டிலை ஒரு விரலால் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்தது போலத் தயங்கி நின்றால், குழியிலும் வேகத்தடையிலும் அடிபட்டு அடிபட்டு, குண்டுகள் தம் தடத்தில் பள்ளம் பறித்திருக்கின்றன. அதை முறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். நடுக்கத்தை மறைக்கக் கோன் செட்டை அளவுக்கு மீறி இறுக்குபவர்கள் உண்டு. நடுக்கம் அடங்கும், ஆனால் ஹேண்டில் தானாக நேருக்கு வராமல், மெதுவாகப் போகும்போதே வண்டி நெளியத் தொடங்கும்.

அடுத்து சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் வீல் பேரிங்கின் நிலை தெரியும். ஸ்பேசர்கள் இடம் மாறவில்லையே? ஃபோர்க்கின் இரண்டு கால்களும் இணையாக நிற்கின்றனவா? ஆக்ஸிலைப் பிடிக்கும் கடைசி போல்ட்டை இறுக்குவதற்கு முன் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கி விட வேண்டும். கால்கள் தம் இடத்தைத் தாமே தேடிக்கொள்ளும். அவசரத்தில் பலரும் விடும் படி இது. கடைசியாக வண்டிக்கு வெளியே பாருங்கள். பின்னால் கட்டிய பெட்டி, பக்கப் பைகள், பெரிய விண்ட் ஷீல்டு எல்லாம் முன்பகுதியின் ஆட்டத்தைக் கூட்டக் கூடியவை.

என் வண்டியில் கோன் செட் தளர்ந்திருந்தது. நேராக வரும் இடத்தில் பள்ளமும் இருந்தது. பல மாதமாக அப்படி இருந்திருக்க வேண்டும். பழைய டயர் தாளம் போடாததால் அது ஆடவில்லை. புது டயர் தாளம் போட்டது, ஆடியது. டயர்க் கடைக்காரர் கோன் செட் என்றார், மெக்கானிக் டயர் என்றார். இருவர் சொன்னதும் சரி. இருவரும் தம் பக்கத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் தவறு.

வரிசை மாறக் கூடாது

நடுக்கத்தின் காரணத்தைத் தேடுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. காற்று, விளிம்புக் கோடு, அம்பு, ஆக்ஸில், வட்டம், கனம், கோன் செட், வீல் பேரிங். செலவில்லாதது முதலில், செலவு பிடிப்பது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் நடுக்கம் போகலாம். எதனால் போனது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி எல்லாவற்றையும் மாற்றுவீர்கள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஹேண்டில் பெரிதாக உதறத் தொடங்கினால், அதை இறுக்கிப் பிடித்து அடக்கப் பார்க்காதீர்கள். உங்கள் கையும் தோளும் சேர்ந்து ஆட்டத்தைக் கூட்டும். பிரேக்கையும் சட்டென்று பிடிக்காதீர்கள். முழங்காலால் டாங்கை இறுக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுங்கள். வேகம் இறங்கித் தாளம் தப்பியதும் அடங்கும். அடங்கியபின் அப்படியே ஊர் போய்ச் சேரலாம் என்று எண்ணாமல், வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.

எனக்கு இத்தனை அலைச்சலும் தேவைப்பட்டிருக்காது. மஞ்சள் பொட்டு வால்வுக்கு நேராக இல்லை என்பதும், ரிம்மை ஒட்டிய கோடு ஒரு சாண் நீளம் காணவில்லை என்பதும் அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே கண்ணெதிரில் இருந்தவை. நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை டயர் மாற்றப் போகும்போது நீங்களும் டீ குடியுங்கள். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் சக்கரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்பு, பொட்டு, கோடு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.